சோலர் யானை வேலி மெசின்: வன்னித் தறைக்கு எது சரிவரும்?

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் காணி வைத்திருப்பவர் கடைக்குப் போய் வேலி மெசின் கேட்டால், பெரும்பாலும் மூன்று விதத்தில் ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பனலும் பற்றரியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய சின்னது; 12 வோல்ற் பற்றரியை வெளியில் கொழுவும் நடுத்தரப் பெட்டி; வீட்டுக் கரண்டில் ஓடும் பெரியது. எதை எடுத்தாலும் மட்டையில் 8,000, 10,000 வோல்ற் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த இலக்கத்தைப் பார்த்துக் காசு கட்ட வேண்டாம். கம்பியில் எதுவும் படாத நேரத்தில் சின்ன மெசின்கூட அந்த அளவுக்கு ஏறிக் காட்டும். யானை தும்பிக்கையை வைத்த கணத்தில் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது யூல் கணக்கு, அதாவது ஒரு அடியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பது.

யூலிலும் இரண்டு உண்டு. மெசினுக்குள் மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவி (கப்பாசிற்றர்) பிடித்து வைப்பது சேமிப்பு யூல். கம்பிக்கு வந்து சேர்வது வெளியீட்டு யூல். இது சேமிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மட்டையில் “5 யூல்” என்று மட்டும் போட்டிருந்தால் அது சேமிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். “500 ஓம் தடையில் இத்தனை யூல்” என்று எழுதியிருக்கும் மெசினை நம்பி வாங்கலாம். மூடியைக் கழற்றிக் காட்டக்கூடிய கடை என்றால் கொள்ளளவியின் மேல் இருப்பதைப் படியுங்கள். 30 மைக்ரோபரட், 600 வோல்ற் என்றால் பாதி பெருக்கல் கொள்ளளவம் பெருக்கல் வோல்ற்றின் வர்க்கம், அதாவது 5.4 யூல். 10 மைக்ரோபரட், அதே 600 வோல்ற் என்று கிடந்தால் 1.8 யூலுக்கு மேல் அந்தப் பெட்டியால் தரவே முடியாது, மட்டையில் என்னதான் அச்சடித்திருந்தாலும்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். 12 வோல்ற் சில நூறு வோல்ற்றாக உயர்த்தப்பட்டுக் கொள்ளளவியில் நிரம்புகிறது. நிரம்பியதும் தைரிஸ்டர் என்ற மின்சுவிச்சு திறக்கிறது. குளத்தைத் தேக்கி வைத்துத் துருசை ஒரேயடியாகத் திறந்த மாதிரி, முழுச் சுமையும் நிலைமாற்றிக்குள் பாய்ந்து, மறுபக்கத்தில் பல ஆயிரம் வோல்ற்றாக வெளியே வருகிறது. அந்தத் துடிப்பு நீடிப்பது 100 தொடக்கம் 300 மைக்ரோ செக்கன். ஒரு செக்கனைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கோ மூன்று பங்கோ. பிறகு ஒரு செக்கனுக்கு மேல் ஓய்வு. “டிக்” என்று கேட்கும் ஒலி ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு.

இவ்வளவு குறுக்கி அடிப்பதற்குக் காரணம் உடலின் கலங்களில் இருக்கிறது. நரம்புக் கலத்தின் மென்சவ்வு ஏறத்தாழ 5 நனோமீற்றர் தடிப்பு. உள்ளும் புறமும் உப்பு நீர், நடுவில் கொழுப்புப் படை என்பதால் அதுவும் ஒரு கொள்ளளவிதான். ஓய்வில் உட்பக்கம் வெளியைவிட 70 மில்லிவோல்ற் தாழ்ந்து நிற்கும். இந்த வித்தியாசம் ஏறத்தாழ 15 மில்லிவோல்ற் குறைந்தாலே சோடியம் வாயில்கள் திறந்து கணத்தாக்கம் என்ற நரம்புச் செய்தி ஓடிவிடும். அந்த 15 மில்லிவோல்ற்றை ஏற்ற மின்னோட்டமும் வேண்டும், நேரமும் வேண்டும். நேரத்தைக் குறைத்தால் மின்னோட்டத்தைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்குக்குப் பிரான்சின் லூயி லாப்பிக் 1909இல் குரோனாக்சி என்ற அளவைக் கொடுத்தார். கலத்தைத் தூண்டப் போதுமான மிகக் குறைந்த மின்னோட்டத்தை, அதாவது அதன் அடிமட்ட அளவை, இரட்டித்தால், அதை எவ்வளவு நேரம் செலுத்த வேண்டும் என்பதே அந்த அளவு. தசையை இயக்கும் நரம்புக்கு அது 0.1 தொடக்கம் 0.2 மில்லி செக்கன். இதயத் தசைக்கு 2, 3 மில்லி செக்கன்.

வேலி மெசினின் முழு உத்தியும் இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. 100 மைக்ரோ செக்கன் துடிப்பால் நரம்பைத் தூண்ட, அதன் அடிமட்ட அளவைப்போல் இரண்டரை மடங்கு போதும். இதயத்தைத் தூண்டுவதென்றால் இதயத்தின் அடிமட்ட அளவைப்போல் முப்பது மடங்கு வேண்டும். ஆகவே நரம்பு அலறும், இதயம் தன்பாட்டில் ஓடும். 5,000 வோல்ற் துடிப்பு 500 ஓம் உடலுக்குள் 10 அம்பியரைத் தள்ளும். வீட்டுக் கம்பியில் 10 அம்பியர் என்றால் ஆள் தப்பமாட்டார். இங்கே அது 100 மைக்ரோ செக்கனோடு முடிவதால் மொத்தச் சக்தி 5 யூல் மட்டுமே. வேலி மெசினுக்கான சர்வதேச நியமம் ஐஈசி 60335-2-76 வைத்திருக்கும் எல்லையும் 500 ஓமில் ஒரு துடிப்புக்கு 5 யூல்தான். செக்கனுக்கு ஒரு துடிப்புக்கு மேல் கூடாது என்பதும் அதே நியமத்தில் இருக்கிறது. அந்த ஓய்வுக்குள் தசை தளர்வதால்தான் பிடித்த கை விடுகிறது. 50 ஹேட்ஸ் வீட்டுக் கரண்டில் அந்த ஓய்வு கிடையாது. பத்து, இருபது மில்லி அம்பியரிலேயே கை கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக, கடையில் மெசினைப் போட்டுக் காட்டும்போது டிக் ஒலியை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். 40 தொடக்கம் 50 நல்லது.

இன்னும் குறுகிய துடிப்பு இன்னும் நல்லதா என்றால், இல்லை. ஒரு மைக்ரோ செக்கனுக்குக் குறுக்கினால் நரம்பைத் தூண்டவே நூற்றைம்பது மடங்கு மின்னோட்டம் தேவை. நனோ செக்கனுக்குப் போனால் கதையே மாறுகிறது. வெளிச்சவ்வு நிரம்ப நேரம் போதாமல் மின்புலம் கலத்துக்குள் நேரே புகுந்துவிடும். அமெரிக்காவில் வேர்ஜினியாவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் கார்ள் ஷோன்பாக் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. 60 நனோ செக்கன் துடிப்புகளில் வெண்குழியத்தின் வெளிச்சவ்வு பெரும்பாலும் அப்படியே இருக்க, உள்ளே கிடந்த சிறுமணிகளின் சவ்வு துளைபட்டது. அதற்குச் சென்ரிமீற்றருக்குப் பல பத்தாயிரம் வோல்ற் வேண்டும்; இரண்டு தகடுகளுக்கு நடுவே துளியளவு திரவத்தில் செய்யும் வேலை அது. யாராவது “நனோ பல்ஸ்” என்று சொல்லி வேலி மெசின் விற்றால் அது வெறும் வாய்ச்சொல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலி அடித்தால் மாட்டின் கலங்கள் கெட்டுப் பால் வற்றும் என்ற பயத்துக்கும் இதே கணக்கில் பதில் உண்டு. 10 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள கலத்தின் சவ்வைத் துளைக்க அதன் குறுக்கே ஏறத்தாழ ஒரு வோல்ற் வேண்டும். அதற்கு வெளியே சென்ரிமீற்றருக்கு 650 வோல்ற்றுக்கு மேல் தேவை. மாட்டின் மூக்கு தொடக்கம் பாதம் வரை இரண்டு மீற்றருக்கு 5,000 வோல்ற் என்றால் சென்ரிமீற்றருக்கு 25 தான். தொட்ட முனையில் மட்டும் பொறி பாய்ந்து ஊசி குத்திய அளவுக்குத் தோல் கருகலாம். மிரண்ட மாடு ஒரு நேரம் பாலை அடக்கிக்கொள்ளலாம். அதற்குக் காரணம் பயம்தான்.

இனி மெசின்கள். எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும் சின்னது 0.1 தொடக்கம் 0.5 யூல் வரைதான் தரும். ஆடு, மாடு, கோழிக்கூட்டுச் சுற்று, மரக்கறித் தோட்டம் என்றால் நன்றாக வேலை செய்யும். தாழக் கட்டினால் காட்டுப்பன்றிக்கும் பறவாயில்லை. யானைக்கு வாங்க வேண்டாம். மாரியில் புல் இரண்டு இடத்தில் கம்பியைத் தொட்டாலே இருக்கிற அடியும் மண்ணுக்குள் போய்விடும். அடி வாங்காமல் ஒருமுறை உள்ளே வந்த யானை அந்தக் கம்பியை வேலி என்றே மதிக்காது. பிறகு பெரிய மெசின் போட்டாலும் பழக்கம் மாறக் காலம் எடுக்கும்.

வீட்டுக் கரண்டில் ஓடும் பெரியது சக்தியில் குறை சொல்ல முடியாதது. ஆனால் வயல் வீட்டிலிருந்து தூரம், மழைக்காற்றில் கரண்ட் நிற்கிற இரவுதான் யானையும் வரும். வளவோடு ஒட்டிய வாழைத் தோட்டம், தென்னங்காணி வைத்திருப்பவருக்கு மட்டும் இது பொருந்தும். ஒன்றை இங்கேயே சொல்ல வேண்டும். மெசின் வழியாக வரும் கரண்ட் வேறு, 230 வோல்ற்றைப் பன்றிக்கென்று நேரே கம்பியில் கொழுவுவது வேறு. பின்னது சட்டப்படி குற்றம். அதில் சாகிறது பன்றி மட்டுமல்ல, விடியமுன் வரம்பால் வருகிற ஆளும்தான்.

நடுத்தர 12 வோல்ற் பெட்டி, வெளியீடு 3 தொடக்கம் 5 யூல்: வன்னிக்கு இதுதான் சரி. ஒரு கமக்காரர் தனியே போடுவதைவிட, ஒரு வாய்க்கால் வயல்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரு மெசினைப் போட்டு வயலைச் சுற்றிக் கட்டி, அரிவுவெட்டு முடியக் கழற்றி வைப்பது நல்லது. காட்டுக்குள் மைல் கணக்கில் ஓடும் வேலியை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வயலைச் சுற்றிய வேலியை ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்கிறார்கள்.

பெட்டியின் விலைக்குள் பற்றரி, பனல், ஏர்த் கோல் எதுவும் அடங்காது என்பதைக் கடையில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். 5 யூல் சேமிப்பு மெசின் 1.3 செக்கனுக்கு ஒருமுறை அடித்தால் 4 வற்றுக்குக் கிட்ட. உள்ளே வீணாவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 0.45 அம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 11 அம்பியர் மணி. சித்திரை வெயிலில் 50 வற் பனல் தாராளம். பிரச்சினை கார்த்திகை, மார்கழிதான். நெல் கதிர் தள்ளும் நேரமும் அதற்குக் கிட்டத்தான் வருகிறது. வெயில் பாதியாகக் குறைந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் 5 அம்பியர் மணிக்கு மேல் கடன் விழும். 40 அம்பியர் மணிப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தால் மூன்று, நான்கு நாளுக்கு மேல் தாங்காது. 70 அம்பியர் மணி போட்டால் நிம்மதி. பழைய லொறிப் பற்றரி வேண்டாம். அது ஸ்ராட் எடுக்கத்தான் செய்யப்பட்டது. மெதுவாக இறக்கி ஏற்றினால் ஒரு போகத்திலேயே செத்துவிடும். பனலைத் தெற்குப் பார்த்து 10 பாகை சரித்துப் பூட்டுங்கள். சார்ஜ் கொன்றோலர் இல்லாமல் நேரே கொழுவினால் பற்றரி கொதித்துத் தண்ணி வற்றும்.

மெசின் நல்லதாக இருந்தும் வேலி அடிக்கவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஏர்த். துடிப்பு கம்பியால் போய், யானைக்குள்ளால் இறங்கி, மண்ணுக்குள்ளால் ஓடி, ஏர்த் கோலால் மெசினுக்குத் திரும்பினால்தான் சுற்று முடியும். வெளியீட்டு யூல் ஒன்றுக்கு ஒரு மீற்றர் கோல் என்பது குறைந்த கணக்கு. 5 யூலுக்கு 2 மீற்றர் நாகம் பூசிய கோல் மூன்று, ஒன்றுக்கொன்று 3 மீற்றர் தள்ளி அடியுங்கள். மூன்றையும் இணைக்கும் வயரும் நாகம் பூசியதாகவே இருக்கட்டும். செப்பு வயரை இரும்புக் கோலில் சுற்றினால் ஈரத்தில் அரித்து, வெளியே தெரியாமலே தொடுப்பு விட்டுப்போகும். வீட்டு ஏர்த்திலிருந்து 10 மீற்றராவது தள்ளியே அடிக்க வேண்டும். இடம் பார்ப்பதென்றால் வாய்க்கால் கரை, தண்ணித் தொட்டி ஓரம், கிணற்றடி.

மாரியில் இது போதும். ஆடி, ஆவணியில் தறை காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது மூன்று கோல் ஆறு கோலானாலும் பிரயோசனம் குறைவு. யானையின் பாதம் தடித்த காய்ந்த தோல், அதன் கீழே காய்ந்த மண். கொக்கிளாய், நாயாற்றுப் பக்க மணலில் நிலைமை இன்னும் மோசம். இதற்கு வழி, ஏர்த்தையே வேலிக்குக் கொண்டுவருவதுதான். ஒரு கம்பி அடிக்கிறது, அடுத்த கம்பி ஏர்த் கோலோடு கொழுவியது என்று மாறி மாறி இழுங்கள். இரண்டையும் தொடும் யானைக்கு மண் ஈரமா காய்ந்ததா என்ற கேள்வியே இல்லை. முத்தையன்கட்டு, இரணைமடுக் குளங்களின் கீழே சிறுபோகம் செய்பவர்கள் தொடக்கத்திலேயே இப்படிக் கட்டிவிடுவது நல்லது.

ஏர்த் நல்லதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. மெசினிலிருந்து 100 மீற்றர் தள்ளி, மெசினை நிறுத்திவிட்டு, இரும்புக் கம்பிகளை மண்ணில் குத்தி வேலியில் சாத்துங்கள். மெசினைப் போட்டால் வேலி 2,000 வோல்ற்றுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னும் கம்பி சாத்துங்கள். பிறகு கடைசி ஏர்த் கோலுக்கும், அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிக் குத்திய தனிக் கம்பிக்கும் இடையில் வேலி மீற்றரால் அளவுங்கள். 300 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் போதாது. சாதாரண மல்ரிமீற்றரை இதற்குப் பாவிக்காதீர்கள். முதல் துடிப்பிலேயே அது போய்விடும். வேலி மீற்றர் இல்லாமல் மெசின் மட்டும் வாங்குவது அரைகுறை வேலை.

கம்பிக்கு 2.5 மில்லிமீற்றர் நாகம் பூசிய இழுவைக் கம்பி. கிலோமீற்றருக்கு 35 ஓமுக்குக் கிட்டத்தான் தடை. 1.6 மில்லிமீற்றர் கட்டுக்கம்பி என்றால் 85 ஓம் வரும். மலிவான நைலோன் பின்னல் கயிறு உள்ளே மெல்லிய உருக்கு இழைதான். கிலோமீற்றருக்கு ஆயிரக்கணக்கான ஓம், மாட்டுக் கொட்டில் அளவுக்கு மேல் எடுபடாது. யானைக்கு மேற்கம்பி ஒன்றரை தொடக்கம் இரண்டு மீற்றர் உயரம், கீழே இன்னும் இரண்டு. பன்றியும் வருமென்றால் நிலத்திலிருந்து 20, 45 சென்ரிமீற்றரில் இரண்டு சேர்க்க வேண்டும். முள்ளுக்கம்பியில் துடிப்பை ஏற்றவே கூடாது. மாட்டிக்கொண்ட ஆளோ மிருகமோ விடுபட முடியாது.

கட்டை விசயத்தில் யானை மனிதனைவிடக் கெட்டி. தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பது கொம்பனுக்குத் தெரியும். ஆனால் இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவானவைக்குத்தான் தந்தம். இங்கே நடப்பது பெரும்பாலும் காலால் கட்டையைத் தள்ளுவதும், மரக்கொப்பை முறித்துக் கம்பியில் போடுவதும்தான். அதனால் கட்டையைக் கம்பிக்கு உட்பக்கம் நடுங்கள். கட்டையிலிருந்து வெளியே அரை மீற்றர் நீட்டிய கொம்புக் கம்பி ஒன்றும் விடுங்கள். கிளுவை, பூவரசு போன்ற உயிர்க் கதியாலில் கட்டுவது மலிவு. கொப்பு தளைத்துக் கம்பியைத் தொடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்சுலேற்றருக்குப் பதிலாகக் கறுப்புத் தண்ணிக் குழாயை நறுக்கிப் போடுவதைக் காணலாம். வெயிலில் வெடித்து, முதல் மழைக்கே அதில் கசிவு தொடங்கும். இரவில் வேலியோரம் நடந்தால் நீலப் பொறி தெரிகிற இடம் அதுதான்.

மெசினுக்குள் பழுது என்றால் எறும்பும் பல்லியும் முதல் எதிரி. சூட்டுக்கு உள்ளே புகுந்து, அதிக வோல்ற் இடத்தில் குறுக்கே கிடந்து செத்து, பலகையைக் கருக்கிவிடும். வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கோனால் அடையுங்கள். சித்திரையிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் இடி முழங்கத் தொடங்கினால் கம்பியையும் ஏர்த்தையும் இரண்டையும் கழற்ற வேண்டும். சுவிச்சை மட்டும் நிறுத்துவது மின்னலுக்குக் காணாது. டிக் ஒலி வழமைபோல் கேட்டும் மீற்றரில் 3,000 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் மெசினைப் பழி சொல்லமுன் கம்பியை மெசினிலிருந்து கழற்றி அளந்து பாருங்கள். அப்போது ஏறினால் குற்றம் வேலியில். ஏறாவிட்டால் கொள்ளளவி களைத்துவிட்டது. ஒரே வேலியில் இரண்டு மெசின் கொழுவினால் அடி கூடும் என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டின் துடிப்பும் மாறி மாறி விழுந்து, அந்த ஒரு செக்கன் ஓய்வு இல்லாமல் போகும்.

தெருவோரம், ஒழுங்கை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற பாதை என்றால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். பேஸ்மேக்கர் வைத்தவர் வேலிக்குக் கிட்டப் போகக்கூடாது. தலை, கழுத்தில் படும் அடி கையில் படும் அடியைவிட ஆபத்து. குனிந்து நுழைகிற பழக்கத்தை நிறுத்தி, ஆட்கள் போக இன்சுலேற்றர் கைபிடி போட்ட படலை ஒன்று வையுங்கள்.

கடைசியாக, வாங்குமுன் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஆணியால் பூட்டியதா, பசை ஊற்றி அடைத்ததா? பசை ஊற்றியது தண்ணி படாமல் நன்றாக இருக்கும், ஆனால் பழுதானால் குப்பைக்குத்தான். ஆணி போட்ட பெட்டியில் தைரிஸ்டரையும் கொள்ளளவியையும் ஊரில் ரேடியோ திருத்துபவரே மாற்றிக் கொடுப்பார். கழற்றமுன் கொள்ளளவியின் இரண்டு காலையும் தடையொன்றால் இணைத்து இறக்கச் சொல்லுங்கள். மெசினை நிறுத்திய பிறகும் அதில் 600 வோல்ற் வரை கிடக்கலாம்.